எரிமலை மண்ணில் தமிழர்

(ஆண்டு விழாவில், பொம்மசந்திராவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. இவ்வாண்டு அம்மரபினின்று சிறிது விலகி, எரிமலைகளைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். பொம்மசந்திராவில் எரிமலைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் நகைக்கக் கூடும். அந்நகைப்பு நியாயமே. ஓசூர்ச் சாலையின் இருமருங்கும் தொழிற்கூடங்கள் நிறைந்த இவ்வூரில் புகை விடுவன ஆலைகளேயன்றி மலைகள் அல்ல. ஆயினும் தமிழர் பிழைப்புத் தேடிச் சென்ற நாடுகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சுமத்திரா, ரீயூனியன், மொரீஷியஸ், மார்த்தினிக், குவாதலூப் என வரும். அத்தனையும் எரிமலையால் ஆன நிலங்கள், அல்லது எரிமலைகள் நிறைந்த நிலங்கள். கரும்புத் தோட்டத்துக்கும் புகையிலைத் தோட்டத்துக்கும் ஆள் வேண்டும் என்று வெள்ளையர் நம் முன்னோரைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் இறக்கிய தீவுகள் அவை. சாம்பல் விழுந்த மண் செழிப்பாக இருந்தது. தோட்டம் அங்கே எழுந்தது. தோட்டம் எழுந்த இடத்துக்குத் தமிழனும் போனான். இதில் வியப்பொன்றும் இல்லை.

வியப்பு வேறோரிடத்தில் உள்ளது. ரீயூனியன் தீவில் 1977ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் எரிமலைக் குழம்பு ஊருக்குள் புகுந்தது. பித்தோன் சேந்த் ரோஸ் என்னும் அவ்வூரில் வீடுகள் அழிந்தன. மாதா கோயிலைக் குழம்பு சூழ்ந்துகொண்டு வாயிற்படியோடு நின்றது. மக்களோ முன்கூட்டியே விலகி விட்டமையால் உயிர்ச்சேதம் இல்லை. மார்த்தினிக் தீவில் 1902ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் காலையில் பெலே என்னும் மலை வெடித்தது. சில நிமிடங்களுக்குள் சேந்த் பியேர் என்னும் நகரம் முழுவதும் கருகியது. மாண்டவர் ஏறத்தாழ 28,000 பேர். நகருக்குள் பிழைத்தவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவருள் ஒருவன், சிறையின் தடித்த சுவர்களுக்குள் அடைபட்டிருந்த கைதி. இரண்டும் எரிமலையே. ஓரிடத்தில் மக்கள் நடந்து விலகித் தப்புகின்றனர். மற்றோரிடத்தில் ஓடவும் நேரமில்லை. இவ்வேறுபாடு எதனால் வந்தது என்பதே இன்று நாம் விளக்க விரும்பும் பொருள்.

பள்ளியில் நம்மிற் பலர் படித்தது, பூமியின் உட்புறம் முழுவதும் நெருப்புக் குழம்பு, அதன்மேல் மெல்லிய ஓடு மிதக்கிறது என்பது. அது சரியன்று. நம் காலடியில் உள்ள ஓட்டுக்குக் கீழே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம் வரையில் இருப்பது பெரும்பாலும் திண்ணிய பாறையே. கடும் வெப்பத்தில் இருந்தும் அது உருகாமைக்குக் காரணம் மேலிருந்து அழுத்தும் பாரம். அவ்வாறாயின் குழம்பு எங்கிருந்து வருகிறது? இரண்டு வழிகளில் வருகிறது என்று கொள்ளலாம். நம் வீட்டுக் குக்கரில் அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் நூறு பாகையைக் கடந்தும் கொதியாமல் அடங்கி இருக்கிறது. அழுத்தத்தைத் திடீரென விட்டால் பொங்குகிறது. அதுபோல, ஆழத்துப் பாறை மேலெழுந்து வர வர, பாரம் குறைந்து உருகத் தொடங்கும். இது ஒரு வழி. பனிக்கட்டியின்மேல் உப்பைத் தூவினால், குளிர் அப்படியே இருக்கவும் கட்டி உருகுகிறதன்றோ? அதுபோல, வெந்த பாறைக்குள் நீர் சேர்ந்தால், சூடு கூடாமலே அது உருகும். இது மற்றொரு வழி. ரீயூனியனில் நிகழ்வது முதல் வழி. மார்த்தினிக்கில் நிகழ்ந்தது இரண்டாவது வழி. மற்ற வேற்றுமைகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

தாய்மார்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். ரசம் கொதிக்கும்போது நுரைத்துப் பொங்கி அடுப்பில் வழியும்; அவ்வளவே. கேழ்வரகுக் கூழ் கொதிக்கும்போது அருகில் நிற்க முடியாது. உள்ளே பிடிபட்ட ஆவி, கெட்டியான கூழைத் துளைத்துக்கொண்டு வர மாட்டாமல், கொப்புளமாகத் திரண்டு, தொபுக்கென்று வெடித்துக் கையைச் சுடும். தருமபுரிப் பக்கத்தாருக்கும் இந்நாட்டுக் கன்னடத் தாய்மார்களுக்கும் இது புதிதன்று. எரிமலைக் குழம்பிலும் நீர்த்தது உண்டு, கெட்டியானது உண்டு. அதனைக் கெட்டியாக்குவது சிலிக்கா என்னும் மணற்சத்து. நூற்றுக்கு ஐம்பது பங்கு அளவில் சிலிக்கா இருப்பின் குழம்பு நீர்த்து ஓடும். அது குளிர்ந்தால் பசால்ட் என்னும் கரும்பாறை ஆகும். அறுபது, எழுபது பங்கென ஏற ஏறக் குழம்பு பிசுபிசுத்து இறுகும். அதனுள் நீராவியும் நிறைந்திருந்தால் வெடிப்பைத் தவிர வேறு வழியில்லை. நீர் சேர்ந்து உருகும் இடங்களில் ஆவியும் மிகுதி. மேலேறும் வழியில் சிலிக்காவும் மிகுகிறது. ஆகவேதான் அங்கே பேராபத்து.

இனி, இவ்வழிகள் எந்த இடத்தில் அமைகின்றன என்று பார்ப்போம். பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பெரியனவாக ஏழும், சிறியனவாகப் பலவும் ஆகிய தட்டுகளாகப் பிளந்து, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஜெர்மானிய அறிஞர் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இல் கூறியபோது அறிஞர் உலகம் எள்ளி நகையாடியது. 1960களில் கடலடியை அளந்து பார்த்த பின்னரே அது வாயடங்கியது. தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் இடத்தில் கீழ்ப்பாறை மேலெழுந்து உருகுகிறது. ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் அமிழும் இடத்தில், கடலடி உறிஞ்சி வைத்திருந்த நீர் ஆழத்தில் வெளிப்பட்டு மேற்பாறையை உருக்குகிறது. இவ்விரண்டும் அல்லாமல், தட்டின் நடுவிலேயே ஆழத்திலிருந்து வெப்பத்தூண் ஒன்று மேலெழும் இடங்களும் சில உண்டு.

ரீயூனியன் தீவு அத்தகைய வெப்பத்தூணின் தலையில் அமர்ந்திருக்கிறது. பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் என்பது அம்மலையின் பெயர். உலகில் மிகுதியாகக் குமுறும் மலைகளுள் ஒன்று. உயரம் 2,632 மீட்டர். அதன் சரிவு, கவிழ்த்து வைத்த கேடயம் போல அகன்று தாழ்ந்தது. நீர்த்த குழம்பு நெடுந்தூரம் ஓடிப் படிவதனால் மலை ஒடுங்கி உயராமல் விரிகிறது. இவ்வகையைக் கேடய எரிமலை என்பர். ஹவாய்த் தீவின் மௌனா லோவா இவ்வகையில் மிகப் பெரியது. 2022இல் கூடக் குமுறியது. குழம்பின் வெப்பமோ 1,100, 1,200 பாகை செல்சியஸ். ஆயினும் பெரும்பாலும் மனிதன் நடந்து விலகும் வேகத்தில் அது வருகிறது. வீட்டைக் கொள்ளும், கரும்பைக் கொள்ளும். உயிரை அரிதாகவே கொள்ளும்.

அத்தீவின் கிழக்குக் கரையில் சேந்த் அந்த்ரே முதலிய ஊர்களில் தமிழ் வழியினர் மிகுதி. அந்நாட்டார் அவர்களை மலபார் என்று அழைக்கின்றனர். பெரும்பாலோர் தமிழ்ப் பேச்சை இழந்து விட்டனர். பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்குள் உருமாறிப் போயின. ஆனால் தீமிதி மாறவில்லை. எரிமலைத் தீவில் சென்று குடியேறிய பின்னரும் ஆண்டுதோறும் தணல் பரப்பி அதன்மேல் நடக்கின்றனர். இது ஆராய்ச்சிக்கு உரிய செய்தியன்று. சொல்லாமல் கடந்து போகவும் மனம் வரவில்லை.

அவ்வெப்பத்தூணுக்கும் நாம் வந்து குடியேறிய கருநாடகத்துக்கும் ஓர் உறவு உண்டு. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு அத்தூணின்மேல் கடந்து சென்றது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அப்போது மலையாகக் குவியாமல், நீண்ட பிளவுகளின் வழியே குழம்பு வெள்ளமாகப் பரந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அவ்வெள்ளங்கள் இன்றும் ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டரை மூடியுள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் 2 கிலோமீட்டர் கனம் வரை காணலாம். மராத்திய நாட்டின் படிக்கட்டு மலைகள் அவையே. அசந்தாவும் எல்லோராவும் குடைந்தெடுக்கப்பட்டது அப்பாறையிலேதான். நம் மாநிலத்தில் பெலகாவி, விஜயபுரம், கலபுரகி, பீதர் ஆகிய வடபகுதிகள் அதன் தென்விளிம்பு. இவ்வகைக்குக் கூம்பும் இல்லை, வாயும் இல்லை. பிளவு எரிமலை என்பர். இந்தியா வடக்கே நகர நகர, அதே தூண் இலட்சத்தீவு, மாலத்தீவுகளின் அடித்தளத்தையும், பின்னர் 80, 90 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மொரீஷியசையும், கடைசியில் ரீயூனியனையும் எழுப்பியது. மொரீஷியசின் கியூர்பிப் நகரில் எரிமலையின் பழைய வாய் ஒன்று மரமடர்ந்து அமைதியாகக் கிடக்கிறது. அத்தீவு தூணைவிட்டு விலகிப்போயிற்று. நெருப்பு ரீயூனியனுக்குப் போய்விட்டது.

மார்த்தினிக்கின் கதை வேறு. அங்கே அட்லாண்டிக் கடலடி மேற்கு நோக்கிக் கரீபியத் தட்டின் அடியில் அமிழ்கிறது. அமிழும் விளிம்புக்கு இணையாக எரிமலைகள் வில்போல் வரிசையாக எழுந்துள்ளன. குழம்பும் சாம்பலும் மாறிமாறிப் படிந்து செங்குத்தாக உயரும் கூம்புகள் அவை. அடுக்கு எரிமலை என்று பெயர். படத்தில் காணும் ஜப்பானின் பியூஜி மலையும் இவ்வகையே. பார்வைக்கு எரிமலைகளுள் அழகியது இதுவே, கொடியதும் இதுவே. பெலேயிலிருந்து வந்தது குழம்பன்று. கனன்ற சாம்பலும் ஆவியும் கலந்த மேகம் ஒன்று, மலைச்சரிவில் புயலினும் கடுகி இறங்கியது. ஏப்ரல் மாதத்திலேயே கந்தக நாற்றமும் சாம்பல் மழையும் எச்சரித்தன. ஆனால் அவை என்ன எச்சரிக்கின்றன என்று அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. இத்தகைய மேகத்தைப் பற்றிய ஆராய்ச்சியே அந்நகரின் சாம்பலிலிருந்துதான் வளர்ந்தது.

அம்மலையின் வடக்கு அடிவாரத்தில் பாஸ் புவாந்த் என்னும் ஊர் இருக்கிறது. 1853 முதல் 1883 வரை புதுச்சேரி, காரைக்கால் துறைகளின் வழியாகக் கொண்டு செல்லப்பட்ட கூலி மக்களின் வழியினர் அங்கே வாழ்கின்றனர், கோயிலும் உண்டு. அடுத்த தீவாகிய குவாதலூப்பிலும் அவ்வாறே. 1976இல் குவாதலூப்பின் சூஃப்ரியேர் மலை குமுறத் தொடங்கியபோது அரசு 70,000க்கு மேற்பட்ட மக்களை மாதக்கணக்கில் ஊர்களைவிட்டு அகற்றியது. பெருவெடிப்பு நிகழவில்லை. பயிரும் பிழைப்பும் கெட்டுப்போயின என்று மக்கள் சினந்தனர். அறிஞர்களும் ஒருவரையொருவர் வெளிப்படையாகச் சாடிக்கொண்டனர். வீண் செலவு என்று அதனை இன்றும் எழுதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அதே கடலடி வரிசையில் 74 ஆண்டுகளுக்கு முன் சேந்த் பியேர் எரிந்ததை அறிந்தவன், வேறு என்ன முடிவு எடுத்திருக்க முடியும்?

கரீபியக் கடல் தொலைவில் உள்ளது. நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. அதே வகையான அமிழ்வு நம் வங்கக் கடலின் கிழக்கு எல்லையிலேயே நிகழ்கிறது. இந்தியத் தட்டு, அந்தமான், சுமத்திரா நெடுகிலும் கிழக்குத் தட்டின் அடியில் புகுகிறது. சுமத்திராவின் பாருசில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. ஐந்நூற்றுவர் என்னும் நம் வணிகக் கணத்தார் கற்பூரத்துக்காகச் சென்ற துறை அது. பின்னர் 19ஆம் நூற்றாண்டில் மேடான் புகையிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் சென்றனர். மேடானுக்குத் தென்மேற்கே சினாபுங் மலை, நானூறு ஆண்டு அளவு உறங்கிக் கிடந்து 2010இல் விழித்தது. அதற்கும் தெற்கே தோபா ஏரி. நூறு கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வேரி உண்மையில் ஓர் எரிமலை வெடித்து உட்சரிந்த பெருங்குழி. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தபோது எழுந்த சாம்பல் நம் நாடு வரை வந்து படிந்தது. ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்தில் அச்சாம்பற் படிவத்துக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்துள்ளன. வானம் சாம்பலாகக் கொட்டிய பின்னும் மனிதன் அங்கே வாழ்ந்திருக்கிறான் என்பதே ஆராய்ந்தோர் துணிபு.

1883 ஆகஸ்டு 27இல் கிரகத்தோவா வெடித்தது. 36,000 பேருக்கு மேல் மாண்டனர். அவருட் பெரும்பாலோரைக் கொன்றது கடல் அலை. வெடித்த ஓசை 4,800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரொத்ரீக்ஸ் தீவில் பீரங்கி முழக்கமாகக் கேட்டது. அடுத்த மாதம் சென்னையிலும் இலங்கையிலும் கதிரவன் பச்சையாகவும் நீலமாகவும் தோன்றியதைப் பலர் கண்டு குறித்து வைத்துள்ளனர். சாம்பலின் நுண்துகள் வானில் ஒளியைச் சிதறடித்த விளைவு அது. நம் பாட்டன்மார் அதனை என்ன நிமித்தம் என்று எண்ணி அஞ்சினரோ!

இந்திய நாட்டு எல்லைக்குள் இன்றும் குமுறும் எரிமலை ஒன்றே ஒன்றுதான்: அந்தமான் கடலின் பாரன் தீவு. போர்ட் பிளேரிலிருந்து 140 கிலோமீட்டர் அளவு வடகிழக்கே, மனிதர் வாழாத சிறு தீவு. கடல்மட்டத்துக்கு மேல் 354 மீட்டரே. கடலடியிலிருந்து அளந்தால் 2 கிலோமீட்டருக்கு மேல். 1787இல் அதன் குமுறல் முதன்முதல் பதிவாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அடங்கி, ஒன்றரை நூற்றாண்டு உறங்கி, 1991இல் எழுந்தது. 2005, 2017 ஆகிய ஆண்டுகளிலும் குமுறியது. உட்சரிந்த பழைய பெருவாய்க்கு நடுவில் சிறு கூம்பு ஒன்று அங்கே வளர்ந்துள்ளது. வாயிலிருந்து தெறிக்கும் கங்குகள் சுற்றிலும் விழுந்து குவிந்து எழுவது அவ்வகை; கங்குக் கூம்பு எனலாம். மெக்சிகோவில் 1943 பிப்ரவரியில் பரிக்குத்தின் என்னும் கங்குக் கூம்பு ஓர் உழவனின் சோளக் கொல்லையில், அவன் கண்ணெதிரிலேயே முளைத்து, ஓராண்டில் முந்நூறு மீட்டரைக் கடந்து, 1952இல் ஓய்ந்தது. உழவன் பிழைத்தான், நிலம் போயிற்று.

பாரன் தீவை நெருப்பாக எழுப்பும் அதே அமிழ்வுதான் 2004 டிசம்பர் 26ஆம் நாளன்று நாகைக் கரைக்கு அலையாக வந்தது. அன்று எரிமலை வெடிக்கவில்லை. அமிழும் தட்டு நெடுநாள் சிக்கிக்கிடந்து ஒரே கணத்தில் நழுவியது; கடலடி உயர்ந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பறிகொடுத்தோம். இவ்வவையில் அக்கரையோரத்தைச் சேர்ந்த அன்பர்களும் இருக்கக் கூடும். ஆதலால் இதனை விரிக்க விரும்பவில்லை. ஒன்றுமட்டும் சொல்வோம். 2007 முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் இயங்குகிறது. நிலநடுக்கத்தால் எழும் அலையை அது சில நிமிடங்களில் கணிக்கிறது. ஆனால் 2018 டிசம்பர் 22 அன்று கிரகத்தோவாவின் குட்டி எரிமலை ஒருபுறமாகச் சரிந்து கடலில் விழுந்தபோது, பெருநடுக்கம் இன்றியே அலை எழுந்து, எச்சரிக்கை இன்றியே 400க்கு மேற்பட்டோரைக் கொன்றது. காரணம் வேறானால் காவலும் வேறாக வேண்டும். எரிமலைகளை வகைப்படுத்துவது ஏட்டுக் கல்விக்காக மட்டும் அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

விலகும் தட்டுகளைப் பற்றிச் சில சொற்களே சொல்வோம்; அவ்வெரிமலைகளுட் பெரும்பாலானவை கடலுக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்கின்றன. அரபிக் கடலிலும் இந்துமாக் கடலிலும் அத்தகைய தொடர்கள் உண்டு. ஐஸ்லாந்தில் அத்தொடர் தரைமேல் தலைகாட்டுகிறது. கண்டத்தின் நடுவே பிளவு தொடங்கும் இடங்களும் இவ்வினத்தைச் சார்ந்தவை. கிழக்கு ஆப்பிரிக்கா இன்று அவ்வாறு பிளந்துகொண்டிருக்கிறது. நாம் ஊருக்குப் போகும் வழியிலும் பழம்பிளவின் தடம் ஒன்று உண்டு. ஏலகிரி மலையும் சாமல்பட்டிச் சுற்றுப்புறமும், எழுபது எண்பது கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்த காலத்தில் ஆழத்திலிருந்து ஏறிவந்து, மேலே வெடிக்காமல் உள்ளேயே குளிர்ந்த குழம்பு. மேல்மண் அரித்துப் போனபின் அதன்மேல் இப்போது நாம் கோடை விழா நடத்துகிறோம்.

இனி, நம் காலடிக்கு வருவோம். பெங்களூரின் அடியில் உள்ளது நைஸ் என்னும் வரியோடிய பாறை. மைசூர் நிலவியல் துறையைச் சேர்ந்த சுமீத் என்பார் 1916இல் தீபகற்ப நைஸ் என்று அதற்குப் பெயர் சூட்டினார். ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமை உடையது; எரிமலைப் பாறை அன்று. ஆனால் அதனை ஊடறுத்துக் கிழக்கு மேற்காகக் கறுப்புப் பாறைச்சுவர்கள் ஓடுகின்றன. 237 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் வெடித்த பிளவுகளில் பசால்ட்டின் இனக் குழம்பு ஏறி உறைந்தவை அவை. இத்தகைய சுவர்களை வெட்டியெடுத்து மெருகிட்டுக் கறுப்புக் கிரானைட்டு என்று விற்கின்றனர். நம் வீட்டுச் சமையல் மேடையில் அத்தகைய கல் இருப்பின், அது கிரானைட்டு அன்று. எரிமலையின் குழாயில் அடைத்துக்கொண்ட குழம்பு. விற்பவரிடம் இதைச் சொல்லி விலைகுறைக்க முயல்வது பயனற்றது.

கிழக்கே நூறு கிலோமீட்டருக்குள் கோலார் தங்கவயல். நைசுக்கு நடுவே, 80 கிலோமீட்டர் நீளமும் சில கிலோமீட்டர் அகலமுமாக வடக்கு தெற்காக ஒரு கரும்பாறைப் பட்டை. அதன் தென்கோடி கிருஷ்ணகிரி மாவட்டத்து வேப்பனப்பள்ளிப் பக்கம் தமிழ்நாட்டுக்குள்ளும் நுழைகிறது. 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் பெருகிய எரிமலைக் குழம்பு அது. அக்காலப் பூமி இன்றையதினும் வெப்பமானது. அங்கு ஓடிய குழம்புகளிற் சில 1,600 பாகை அளவு சூடுடையவை. அத்தகையன இப்போது உலகில் பிறப்பதில்லை. இரு நிலங்கள் நெருங்கி மோதி இடையிலிருந்த கடலடியை நசுக்கின என்பார் ஒருசாரார். வெப்பத்தூணே காரணம் என்பார் மற்றொருசாரார். வழக்கு இன்னும் முடியவில்லை. பின்னர் அப்பாறை மடிந்து நெரிந்தபோது, வெடிப்புகளின் வழியே ஏறிய வெந்நீர், வெண்கல் நரம்புகளில் தங்கத்தை விட்டுச் சென்றது.

அத்தங்கத்தைத் தோண்டியவர் தமிழர். வாரன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி 1802இல் அங்கே பொன் இருப்பதை ஆராய்ந்தெழுதினார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நிலமற்ற மக்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குலத்தினர், கூட்டங்கூட்டமாகச் சென்றனர். ஊரில் மேல்சாதியாருக்கு அடிமை. அங்கே கம்பெனிக்குக் கூலி. எனினும் கையில் காசு வந்தது. காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 1902இல் மின்சாரம் அங்கேதான் முதலில் சென்றது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கியது. பாறை திடீரென வெடித்துச் சிதறி மாண்டவர் பலர்; கற்றூள் நுரையீரலில் படிந்து இருமி இருமி மெலிந்தவர் அதனினும் பலர். 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் வெளிவந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் அத்தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் விடியுமுன் வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவில் திரும்புகின்றனர். நம் தொழிற்கூடங்களிலும் அவருட் சிலர் நம்முடன் நிற்கின்றனர்.

அச்சுரங்கத்தின் அடியில் பாறையின் வெப்பம் 60 பாகையைக் கடந்தது. எரிமலைப் பாறையல்லவா, இன்னும் சுடுகிறது என்று கருதினால் தவறாகும். அந்நெருப்பு 270 கோடி ஆண்டுகளுக்கு முன் அணைந்தது. உண்மையில் அவ்வெப்பமே இந்நிலம் எவ்வளவு குளிர்ந்தது என்பதற்குச் சான்று. உலகின் பல பகுதிகளில் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25, 30 பாகை ஏறும். கோலாரில் அதில் பாதியும் ஏறவில்லை. அவ்வளவு ஆழத்துக்கு மனிதன் இறங்கி வேலை செய்ய முடிந்ததே அதனால்தான். நம்மவர் வெந்து வியர்த்த அச்சூடு, பழைய, தடித்த, ஆறிப்போன கண்டத்தின் சூடு. பெங்களூரில் எரிமலை எழுமோ என்று கேட்போருக்கு ஆழத்திலிருந்து கிடைத்த விடை அது. தட்டின் விளிம்பும் இங்கில்லை, வெப்பத்தூணும் இங்கில்லை.

காண விரும்புவோருக்கு வழி எளிது. 2025 ஆகஸ்டு முதல் பொம்மசந்திராவிலிருந்து மெட்ரோ ஓடுகிறது. ராஷ்ட்ரிய வித்யாலய சாலையில் மாறினால் லால்பாக். கெம்பேகௌடரின் கோபுரம் நிற்கும் அப்பாறைமேல் காதலரும் கடலை விற்பவரும் அமர்ந்திருப்பர். அடியில் உள்ளது 300 கோடி ஆண்டு நைஸ். கடலடிக் குழம்பைக் காண, தங்கவயலுக்கு அருகில் பெத்தபள்ளிக்கும், சற்றுத் தொலைவாயினும் சித்திரதுர்க்கத்துப் பக்கம் மரடிஹள்ளிக்கும் செல்லலாம். இரண்டையும் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களாக அறிவித்துள்ளனர். குழம்பு நீருக்குள் பிதுங்கி வந்து, வெளிப்புறம் உடனே உறைந்து, தலையணை தலையணையாக அடுக்கிய கோலத்தை அங்கே காணலாம். ஒவ்வொன்றுக்கும் ஒருபுறம் உருண்ட முதுகு இருக்கும். மறுபுறம் கீழிருந்த இரண்டின் இடுக்கில் வழிந்து கூராக முடிந்திருக்கும். முதுகு எத்திசை நோக்கியுள்ளது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அத்திசையில்தான் அன்று கடல் இருந்தது.